கணிப்பொறியை எழுப்புவது யார்?

பொத்தானை அழுத்தியதும் கணிப்பொறியின் திரை உடனே வந்துவிடுவதில்லை. அந்த இடைவெளியில் உள்ளே என்ன நடக்கிறது தெரியுமா? லினக்ஸில் ‘கர்னல்’ எனும் கருநிரல் முதலில் நினைவகத்தில் ஏறி, ஒரே ஒரு நிரலைத் தொடங்கி வைக்கும். அதன் எண் 1. இணைய இணைப்பு, அச்சுப்பொறி முதலிய பணிகளை எழுப்புவது அதன் பொறுப்பு.

பழைய ‘சிஸ்-வி இனிட்’ முறையில், அடிப்படையில் ஒரு பணி தொடங்கி முடிந்த பின்பே அடுத்தது. திருவேட்டக்குடியில் கடலுக்குப் புறப்படும் படகை எண்ணிப்பாருங்கள். ஒருவர் டீசல் ஊற்றும்போதே மற்றவர் வலையை ஏற்றலாம். ஆனால் டீசலின்றி எஞ்சின் ஓடாது. 2010இல் வந்த ‘சிஸ்டம்டி’ இப்படித்தான் எது எதைச் சார்ந்தது என்று பார்த்து, சாராதவற்றை ஒருசேரத் தொடங்குகிறது. செயலிழந்த பணியை மீண்டும் எழுப்பவும் அதனிடம் சொல்லி வைக்கலாம்.

பிறகு ஏன் எதிர்ப்பு? பழைய முறையின் கட்டளைக் கோப்புகளை நீங்களே வரிவரியாகப் படிக்கலாம். சிஸ்டம்டியோ பல வேலைகளை இழுத்துப் போட்டுக்கொண்ட பெரிய தொகுப்பு. 2014 பிப்ரவரியில் டெபியன் தொழில்நுட்பக் குழுவின் வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்தன. தலைவரின் வாக்கால் சிஸ்டம்டி வென்றது. ஏற்காத சிலர் ‘தேவுவான்’ என்று தனியே பிரிந்தனர். நம் சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததே.

அன்றாடப் பயனுக்கு நான் சிஸ்டம்டியையே சொல்வேன். உள்ளே நடப்பதைக் கற்க, ‘ரன்னிட்’ போன்ற சிறிய நிரலே மேல்.

சிஸ்டம்டி உள்ள கணிப்பொறியில் ‘சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்’ என்ற கட்டளையை இட்டுப் பாருங்கள். பணிகள் பலவும் தொடங்க எடுத்த நேரம் வரும். முதலில் நிற்கும் பணி மற்றவற்றை உண்மையிலேயே காக்க வைத்ததா? யோசியுங்கள்.