வண்டியை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா?

தம்பி,

கடன் கழுத்தை நெரிக்கிறது, கார் தவணை இரண்டு மாதமாகக் கட்டவில்லை, வண்டியை என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். தாராவியில் பிறந்து, மாட்டுங்காவில் படித்து, வாஷி மார்க்கெட்டில் கணக்கு எழுதி, கடைசியில் கோபர்கைரனேயில் வந்து ஒதுங்கியவன் உன் பெரியப்பா. என் கடனையும் ஊரார் கடனையும் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தது. வண்டியைப் பற்றிய முடிவை நீதான் எடுக்க வேண்டும். எந்த மனதோடு எடுக்க வேண்டும் என்பதை என்னால் சொல்ல முடியும். பொறுமையாகப் படி.

1. முதலில் வீட்டில் சொல். எங்கள் செக்டரில் ஒரு பையன், தவணை தவறியதை வீட்டில் சொல்லாமலே நான்கைந்து மாதம் ஓட்டினான். காலையில் வேலைக்குப் போவது போல வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவான். வசூலுக்கு ஆள் வரும் நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டான். ஒருநாள் கதவைத் திறந்தது அவன் மனைவி. வண்டி போனதை அவள் ஒரு வாரத்தில் மறந்துவிட்டாள். தன்னிடம் மறைத்தானே என்ற வருத்தம் லேசில் ஆறவில்லை. பணக் கஷ்டத்தைக் குடும்பம் தாங்கும், பொய்யைத் தாங்காது.

2. எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுது. யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எதை அடமானம் வைத்தது, யார் ஜாமீன் என்று ஐந்து பத்தி போடு. மச்சானிடம் வாங்கிய கைமாற்று, சீட்டுப் பாக்கி, கிரெடிட் கார்டு, நகைக் கடன் எதையும் விடாதே. பாதி பேர் பெரிய கடனை மட்டும் எழுதிவிட்டுச் சின்னதை மனதிலேயே வைத்துக்கொள்வார்கள். ராத்திரி தூங்க விடாமல் செய்வது அந்தச் சின்னதுதான். கார் கடன், வண்டியையே பிணையாகக் கொண்ட கடன். உன் ஆர்.சி.யில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் பதிவாகியிருக்கும். கார்டு கடன் அப்படியில்லை, அதற்குப் பிணை எதுவும் கிடையாது. இந்த வித்தியாசம் தெரியாமல் யாருக்கு முதலில் கட்டுவது என்று தீர்மானிக்காதே.

3. வண்டி சோறு போடுகிறதா என்று கேள். டாக்ஸி ஓட்டிப் பிழைப்பவனுக்கு வண்டி கைத்தொழில். டீசல், சி.என்.ஜி., இன்ஷூரன்ஸ், பழுதுபார்ப்பு எல்லாம் போக மாதம் என்ன மிஞ்சுகிறது, அது தவணையைத் தாண்டுகிறதா என்று அவன் பார்க்க வேண்டும். ஆபீஸுக்குப் போய்வர வாங்கிய வண்டிக்குக் கேள்வி வேறு: ரயிலில் போக முடியாதா? கோபர்கைரனே ஸ்டேஷனில் ஏறினால் ஒரு பக்கம் தானே, இன்னொரு பக்கம் வாஷி. 2024 அக்டோபரில் வாஷியிலும் ஐரோலியிலும் சின்ன வண்டிகளுக்கு மும்பை நுழைவுச் சுங்கத்தை எடுத்துவிட்டார்கள், உண்மைதான். ஆனால் சுங்கம் மிச்சமாகிறது என்பதற்காக ஒரு வண்டியை வைத்துக்கொள்ள முடியாது. சொந்தக்காரர் கல்யாணத்தில் இறங்கும்போது நாலு பேர் பார்க்க வேண்டும் என்றுதான் வைத்திருக்கிறாய் என்றால், அந்த நாலு பேரில் ஒருவரும் உன் தவணையைக் கட்டப் போவதில்லை.

4. வண்டி விலையையும் கடன் பாக்கியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுது. உதாரணம் சொல்கிறேன். எட்டு லட்சம் கடன், ஒன்பதரை சதவீத வட்டி, ஏழு வருடம். தவணை சுமார் 13,075 ரூபாய். இரண்டு வருடம் தவறாமல் கட்டினால் உன் கையைவிட்டுப் போனது மூன்று லட்சத்துக்கும் மேல். அப்படியும் பாக்கி சுமார் 6,22,000 நிற்கும், ஏனென்றால் ஆரம்பத் தவணைகளில் வட்டியின் பங்கு அதிகம். அன்றைக்கு வண்டி ஐந்தேகால் லட்சத்துக்குத்தான் போகும் என்று வை. விற்றாலும் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக நீதான் கைப்பணம் போட வேண்டும். விற்காமல் கடைசிவரை கட்டினால் இன்னும் ஏழே முக்கால் லட்சத்துக்கு மேல் ஆகும். இரண்டையும் எழுதிப் பார்த்த பிறகு மனசு என்ன சொல்கிறது என்று கேள். கணக்கு எழுதுவதற்கு முன் மனசைக் கேட்காதே. அது வண்டியின் பக்கம்தான் பேசும்.

5. மஞ்சள் கடுதாசி கொடுத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நம்பாதே. அமெரிக்காவில் திவால் மனு போட்டவன் கார் கடனுக்கு மூன்று வழியில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஒப்புக்கொண்டு கட்டுவது, வண்டியின் மதிப்பை மொத்தமாகக் கொடுத்து மீட்பது, ஒப்படைப்பது. நம் நாட்டில் அவ்வளவு தெளிவான பாதை சாமானியனுக்குக் கிடையாது. 2016-இல் வந்த திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் அமலுக்கு வந்தது. மற்றவர்களுக்கு இன்னும் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான். மும்பை நகரத்துக்கு 1909-ஆம் வருடச் சட்டம். தானே மாவட்டத்தில் இருக்கும் நமக்கு 1920-ஆம் வருடத்து மாகாணத் திவால் சட்டம். அதிலும் பிணையின் பேரில் கடன் கொடுத்தவனின் உரிமை அப்படியே நிற்கும். மனு போட்டாலும் வண்டி உனக்கென்று ஆகிவிடாது. வக்கீலைக் கேட்காமல் அந்தப் பக்கம் போகாதே. ஆனால் அந்த மூன்று வழியும் இங்கேயும் இருக்கின்றன, பேசித்தான் பெற வேண்டும்.

6. விடுவது என்று முடிவானால், நிறுவனத்தார் தூக்கும் முன் நீயே விற்கப் பார். தூக்கிக்கொண்டு போன வண்டி யார்டில் வெயிலிலும் மழையிலும் நிற்கும். பிறகு ஏலம். ஏல விலை வெளி விலையைவிடக் குறைவாகத்தான் வரும். வண்டியை எடுத்த செலவு, நிறுத்திய வாடகை என்று உன் கணக்கிலேயே ஏறவும் கூடும். ஏலத்தில் வந்தது போதாவிட்டால் மிச்சத்துக்கு நீதான் பொறுப்பு. வண்டி போய்விட்டது, கடனும் போய்விட்டது என்று நிம்மதியாக ஊருக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். நோட்டீஸ் ஊர் விலாசத்துக்கே வந்தது. நிறுவனத்திடம் முழுப் பாக்கிக்கான கடிதம் வாங்கி, அவர்கள் சம்மதத்தோடு, வாங்குபவர் பணத்தை நேராக லோன் கணக்கில் கட்டும்படி விற்பதுதான் கௌரவமான வழி.

7. வைத்துக்கொள்வது என்று முடிவானால், நிறுவனத்திடம் நீயே போய்ப் பேசு. தொண்ணூறு நாள் தாண்டினால் உன் கடன் வாராக்கடன் என்று எழுதப்படும். அதற்கு முன் பேசுகிறவனுக்குக் காது கொடுப்பார்கள். தவணைக் காலத்தை நீட்டி மாதத் தொகையைக் குறைக்கச் சொல்லிக் கேள். எது கிடைத்தாலும் எழுத்தில் வாங்கு. 2020-இல் கொரோனா வந்து மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணைக்கு விடுப்பு கொடுத்தபோது, வட்டியும் நின்றுவிட்டது என்று நினைத்தவர்கள் நிறையப் பேர். வட்டி நிற்கவில்லை. அவகாசத்துக்கும் விலை உண்டு, அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடு. முக்கியமாக ஒன்று: காரைக் காப்பாற்ற நகையை வைக்காதே, செயலிக் கடன் எடுக்காதே. ஒரு பள்ளத்தை மூட இன்னொரு பள்ளம் தோண்டுகிற வேலை அது.

8. ஒப்படைப்பதாக இருந்தால் முறையாக ஒப்படை. என்ன நிபந்தனையில் தருகிறாய் என்று ஒரு கடிதம் எழுதி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு கையெழுத்து வாங்கு. நாலு பக்கமும் படம் எடு. ஓடிய கிலோமீட்டரையும் படம் எடு. ஸ்டெப்னி, ஸ்டீரியோ, சாவி எத்தனை என்று பட்டியல் போடு. டேஷ்போர்டில் கிடக்கும் குழந்தையின் ரிப்போர்ட் கார்டு வரை எடுத்துவிட்டு ஃபாஸ்டாக் கணக்கை மூடு. ஏலத் தொகை போக மிச்சம் கேட்பார்களா, அல்லது இத்தோடு கணக்கு முடிந்ததா என்பது அந்தக் கடிதத்திலேயே வர வேண்டும். வண்டியைக் கொடுத்தாலும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் உத்தரவு தானாக நிற்காது. கொடுத்து வைத்த செக்குகளும் அவர்களிடமே இருக்கும். பணமில்லாமல் அவை திரும்பினால் குற்ற வழக்கு வரை போகும். இரண்டைப் பற்றியும் எழுத்தில் கேட்டு முடிவு வாங்கு.

9. வசூலுக்கு வருகிறவனிடம் குரலை உயர்த்தாதே, பயப்படவும் செய்யாதே. அவனும் மாதச் சம்பளத்துக்கு வருகிறவன். தண்ணீர் கொடு, உட்காரச் சொல். அடையாள அட்டையும் நிறுவனம் கொடுத்த அதிகாரக் கடிதமும் கேள். காலை எட்டு மணிக்கு முன்னும் இரவு ஏழு மணிக்குப் பின்னும் பாக்கி கேட்டு போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் சொல்லியிருக்கிறது. அடியாட்களை வைத்து வண்டியைப் பிடுங்கும் வேலை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007-இலேயே கண்டித்தது. வரம்பு மீறினால் முதலில் நிறுவனத்துக்கு எழுது. முப்பது நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் வழி கேட்டுக்கொள். கடன் பட்டவன் குற்றவாளி இல்லை. தலை குனியாதே.

10. ஒளித்து வைக்காதே, கைமாற்றி விடாதே. சிலர் வண்டியைச் சித்தப்பா வீட்டுக் கட்டடத்தில் உறை போட்டு மூடி வைப்பார்கள். "நீ ஓட்டிக்கோ, தவணையை மட்டும் கட்டு" என்று நண்பனிடம் கொடுப்பார்கள். அவன் மூன்று மாதம் கட்டுவான், நாலாவது மாதம் போனை எடுக்க மாட்டான். ஆர்.சி. உன் பெயரில் இருக்கும்வரை விபத்துக்கு நஷ்டஈடு கொடுக்கும் பொறுப்பு பதிவு உரிமையாளருக்குத்தான் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நிறுவனத்துக்குத் தெரியாமல் விற்றால் போலீஸ் வழக்கும் வரலாம். பணத்தில் தோற்றவன் எழுந்து வருவான். நம்பிக்கையைக் கெடுத்துக்கொண்டவனுக்கு அது சுலபமில்லை.

11. ஜாமீன் நின்றவரை மறக்காதே. கடன் வாங்கியவன் அளவுக்கே அவரும் பொறுப்பு என்பது சட்டம். உனக்காகக் கையெழுத்துப் போட்டவரிடம் நோட்டீஸ் போவதற்கு முன் நீ போய் நில். என்ன நடந்தது, என்ன செய்யப் போகிறாய் என்று நேரில் சொல். நானும் ஒருவருக்கு ஜாமீன் நின்று பணம் கட்டியிருக்கிறேன். பணம் போனது மெல்ல ஆறியது. என்னைக் கண்டதும் அவர் தெருவின் அந்தப் பக்கம் போனதுதான் வலித்தது. திருப்பித் தரப் பணம் இல்லாவிட்டாலும் முகத்தைக் கொடு.

12. முடிந்த பிறகு காகிதத்தை முடி. முழுதும் கட்டியிருந்தால் நிறுவனத்திடம் என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் வாங்கி, ஆர்.டி.ஓ.வில் கடன் பதிவை நீக்கு. குறைத்துப் பேசி முடித்திருந்தால் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று வரும். 'குளோஸ்டு' என்று வராது. அந்தக் கறை பல வருடம் இருக்கும், புதிய கடன் கேட்கும்போது கண்ணில் படும். அதனால் மிச்சத்தைக் கட்ட முடிகிற காலம் வந்தால் கட்டிவிட்டுத் திருத்தச் சொல். முடியாவிட்டால் அந்தக் கறையோடு வாழப் பழகு. கொஞ்ச வருடம் கடனே வாங்காமல் இருப்பதும் ஒரு சுகம்தான். இன்ஷூரன்ஸில் நீ சேர்த்த நோ க்ளைம் போனஸ் வண்டியோடு போவதில்லை, அது உன்னுடையது. விற்கும்போதே அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கி வை.

இவ்வளவு எழுதியதில் வண்டியை வை என்றோ விடு என்றோ நான் சொல்லவில்லை. சோறு போடும் வண்டியை விட்டுவிட்டுப் பட்டினி கிடந்தவனையும் பார்த்திருக்கிறேன், சோறு போடாத வண்டியைப் பிடித்துக்கொண்டு வீட்டை இழந்தவனையும் பார்த்திருக்கிறேன். தாங்கியவர்கள் எல்லாரும் ஒன்றைச் செய்தார்கள்: முடிவு தங்கள் கையில் இருக்கும்போதே எடுத்தார்கள், எடுத்ததை மறைக்காமல் நடத்தினார்கள். உனக்கு இன்னும் அந்த நேரம் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை லோன் கணக்கு அறிக்கை, ஒப்பந்தப் பத்திரம், ஆர்.சி. மூன்றையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. தனியாக வராதே, மருமகளையும் அழைத்து வா. பெரியம்மா சாப்பாடு போடுவாள். சாப்பிட்டுவிட்டு மூன்று பேருமாக உட்கார்ந்து எழுதுவோம்.