பெருங்குடற் கழலை

'கட்டி' என்னும் ஒரே சொல்லாற் பலவற்றைக் குறிக்கின்றோம். சீழ் கொண்டதும் கட்டி, புற்றும் கட்டி, பனங்கட்டியும் கட்டியே. வயிற்றிற் கட்டியென்று வைத்தியர் கூறக் கேட்டவரோ இவற்றுட் கொடியதனையே நினைந்து நடுங்குவர். 'கழலை' என்னும் பழஞ்சொல் ஒன்று நம்மிடம் உண்டு. கொழுப்புத் திரண்டெழும் தீங்கற்ற கட்டிக்கு அது பொருந்துமாதலின் ஈண்டு அதனையே ஆளுகின்றோம்.

பெருங்குடலின் தீங்கற்ற கட்டிகளுட் பெரும்பாலன சுரப்பிக் கட்டிகள். அவை காலப்போக்கிற் புற்றாக மாறவுங்கூடும். கொழுப்புக் கழலை அரிது, அதற்கு அவ்வச்சமில்லை. 1757 ஆம் ஆண்டிலே பௌவர் என்பார் இதனை முதன்முதல் விவரித்தார். பெரும்பாலும் குடலின் வலப்பக்கத்தே, உட்சவ்வின் கீழ்ப் படையில் இது வளரும். சிறியதாயின் உடையவரே அறியார். 2 சென்ரிமீற்றருக்கு மேற் பருத்தால் வலியும் குருதிப்போக்கும் அடைப்பும் உண்டாகலாம். சிலவேளை குடலசைவு கழலையை உணவுபோல முன்றள்ள, சட்டைக்கை உட்புறம் இழுபட்டாற்போலக் குடலின் ஒரு பகுதி மற்றொன்றனுட் செருகிக்கொள்ளும்.

இக்குறிகள் யாவும் புற்றுநோய்க்கும் உரியன, இடர்ப்பாடு இங்கேதான். உள்நோக்கிக் கருவியினூடே பார்த்தால் கழலை மஞ்சள் நிறமாய் வழுவழுப்பாய்த் தோன்றும். இடுக்கியால் அழுத்தினால் தலையணைபோற் குழிந்து மீளும். மேற்புறத்திற் கிள்ளியெடுத்த துணுக்கோ பெரும்பாலும் ஏமாற்றும். கொழுப்பு ஆழத்திற் கிடத்தலின் நல்ல சவ்வே அகப்படும். சி.ரி. படம் சிறந்த சான்று. நீரின் அடர்த்தியை 0 எனக் கொண்ட அவ்வளவையிற் கொழுப்பு பூச்சியத்துக்குக் கீழே, ஏறத்தாழ -40 முதல் -120 வரை நிற்கும். ஆயினும் செருகிய குடல் வீங்கிப் புண்பட்டிருப்பின் படமுந் தெளிவாகாது.

தொல்லை தராத சிறு கழலையை அறுக்க வேண்டுவதில்லை. காம்புடையதாயின், உள்நோக்கி வழியே கண்ணியிட்டு இறுக்கினாற் குருதியோட்டமற்று விழுந்துவிடும். மின்கம்பியால் அறுத்தலும் உண்டு. ஆனாற் கொழுப்பு மின்சாரத்தை நன்கு கடத்தாது. வெப்பத்தை மிகுத்தாற் குடற்சுவர் துளைபடலாம். பெரியதாயின் சத்திரசிகிச்சையே வழி. நோய் இன்னதென்று முன்னரே துணிந்தால் குடலைத் திறந்து கழலையை மட்டும் எடுக்கலாம். அன்றேற் சிறு துண்டத்தை நீக்கி முனைகளைப் பொருத்தலாம். புற்றோ என்னும் ஐயம் நீங்காவிடின், வலப்பாதிக் குடலையும் அதனைச் சார்ந்த நிணநீர்க் கணுக்களையும் சேர்த்தே அகற்றுவர். அதனை மிகையென்று பழித்தல் நேர்மையன்று. புற்றை விட்டுவைத்தல் அதனினுங் கேடு. வெட்டியெடுத்ததை நுணுக்குக்காட்டியின்கீழ் நோக்கிய பின்னரே வெறுங் கொழுப்பென அறியப்பட்டவை பல.