குரங்கோடு நின்றுவிடாதேயும்

அன்புள்ள தம்பிக்கு,

வாரப் பத்திரிகையில் அறிவியல் பத்தி எழுத உமக்கு இடம் கிடைத்தது பெரிய சந்தோசம். மாதிரிக்கு அனுப்பின மூன்று கட்டுரைகளையும் வாசித்தேன். பாணந்துறைக் குரங்கைப் பற்றினதுதான் எனக்கு நன்றாகப் பிடித்தது. குறை சொல்ல வேண்டியதும் அதில்தான் கூட.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று ட்ரான்ஸ்போமரில் பட்டதாக அமைச்சர் சொன்னார். வெளிநாட்டுச் செய்திகளில்கூட அந்தக் குரங்கு வந்தது. நீர் அனுமாரை இழுத்து, இலங்கைக்கு இரண்டாம் தரமும் வாலால் வந்த வினை என்று முடித்திருக்கிறீர். நல்ல பகிடி, எங்கடை சனம் கட்டாயம் சிரிக்கும். ஆனால் ஒரு குரங்குக்கு நாட்டையே நிற்பாட்டுகிற பலம் எங்கேயிருந்து வந்தது? சிரித்து முடிந்த வாசகர் அதைத்தான் கேட்பார். நீர் அதற்கு முதலே பேனையை மூடிவிட்டீர்.

எங்கள் மின்கட்டமைப்பு ஓடுவது வினாடிக்கு 50 சுற்று என்ற அதிர்வெண்ணில். நுரைச்சோலை போன்ற நிலையங்களின் பெரிய சுழலிகள் எல்லாம் அந்த அதிர்வெண்ணோடு பூட்டினபடி சுழல்கின்றன. எங்கேயாவது திடீரென்று உற்பத்தி குறைந்தால் அந்தக் கனத்த இரும்பு உடனே நின்றுவிடாது. சுழற்சியில் இருக்கிற சக்தியைக் கொடுத்துச் சில வினாடிகள் தாக்குப்பிடிக்கும். அதற்குள் மற்ற நிலையங்கள் உற்பத்தியைக் கூட்டலாம். அல்லது சில பகுதிகளை வெட்டிவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றலாம். உமக்குப் பக்கத்தில் ஜம்பட்டா வீதியில் பழைய மிதி மெஷின் வைத்திருக்கிற தையல்காரர் யாரும் இருந்தால் போய்ப் பாரும். காலை எடுத்தபிறகும் சில்லின் கனம் ஊசியை நாலு தையல் ஓட்டும். கூரைச் சோலாருக்கு அந்தச் சில்லு இல்லை, அது இன்வேட்டர் வழியாக வருகிற மின்சாரம். போதாக்குறைக்கு, அதிர்வெண்ணோ மின்னழுத்தமோ குழம்பினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே கழன்றுவிடும்.

இப்போது அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதைப் பாரும். உம்முடைய கட்டுரையில் கிழமையே இல்லை! கந்தோர்கள் பூட்டு, மின்பாவனை குறைவு, வெயிலோ நல்ல வெயில். கூரைகளிலிருந்து மின்சாரம் கொட்டுகிற நேரத்தில் கனத்த சுழலிகள் கொஞ்சம்தான் ஓடும். மின்சார சபையும் பிறகு அந்தப் பக்கத்தைத்தான் காட்டியது. இதே குரங்கு ஒரு வேலைநாள் இரவு எட்டு மணிக்கு ஏறியிருந்தால் சங்கதி பாணந்துறையோடு முடிந்திருக்கவும் கூடும். இரண்டு மாதம் கழித்து, சித்திரை வருசப்பிறப்பு விடுமுறையில், கூரைச் சோலாரைப் பிற்பகல் 3 மணிவரை நிற்பாட்டி வைக்கும்படி சபை வீட்டுக்காரரைக் கேட்டது நினைவிருக்கும். கடன்பட்டுச் சோலார் பூட்டினவர்கள் திட்டித் தீர்த்தார்கள். பெப்ரவரியையும் ஏப்ரலையும் கோத்து எழுதும். அந்தக் கோபக்காரரே உம்முடைய முதல் வாசகர்.

அதற்காகச் சோலார் கூடாதென்று எழுதப் புறப்பட வேண்டாம். அந்த ஏப்ரல் 28ஆம் திகதி ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் பட்டப்பகலில் மின்சாரம் நின்றபோது, பலர் விசாரணைக்கு முதலே சோலாரைக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள். ஆராய்ந்தவர்கள் கண்டதோ, மின்னழுத்தம் மிஞ்சி ஏற, நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கழன்ற கதை. வெளிப்பார்வைக்கு அவர்களுடைய இருட்டும் எங்களுடைய இருட்டும் ஒரே மாதிரித்தான். எங்கள் நாடே 2020 ஆகஸ்டிலும் 2023 டிசம்பரிலும் குரங்கில்லாமலே முழுதாக இருண்டிருக்கிறது. பகலில் மிஞ்சுவதை இரவுக்குச் சேமிக்கிற பெரிய பற்றரிகளும், சில்லின் வேலையைச் செய்யத் தெரிந்த புதுரக இன்வேட்டர்களும் வந்துவிட்டன. அவற்றுக்கு யார் காசு போடுவது என்பதை ஒரு மின்பொறியியலாளரிடம் நேரே போய்க் கேளும். போனில் கேட்டால் அறிக்கையைத்தான் வாசித்துக் காட்டுவார்கள்.

இன்னொன்று. வெள்ளவத்தை மாடிவீடுகளில் கரண்ட் போனால் லிஃப்ட் மட்டும் நிற்காது, மேல் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்பும் நிற்கும். ஏழாம் மாடிக்காரர் குழாயைத் திறந்து, அது இருமுகிற சத்தம் கேட்டபிறகுதான் அதிர்வெண்ணைப் பற்றி யோசிப்பார். அங்கேயிருந்து தொடங்கும்.

செய்மதி இணையமான ஸ்ரார்லிங்க் பற்றின கட்டுரையில் ஒரு பிழை. எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் தொலைத்தொடர்புச் செய்மதி யோசனையைக் கொழும்பிலிருந்து எழுதினார் என்று போட்டிருக்கிறீர். அது வெளிவந்த 1945இல் அவர் பிரித்தானிய விமானப்படையில். இங்கே வந்து குடியேறினது 1956இல். 2008இல் பொறளைக் கனத்தையில் அடங்கும்வரை இலங்கைதான் வீடு. ஸ்ரார்லிங்க் அவருடைய யோசனையின் நிறைவேற்றம் என்பதும் சரியில்லை. அவர் சொன்ன பாதை கிட்டத்தட்ட 36,000 கிலோமீற்றர் உயரத்தில். அங்கே செய்மதி பூமியோடு ஒத்துச் சுற்றும், வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதாய்த் தெரியும், உலகத்துக்கு மூன்றே காணும். ஸ்ரார்லிங்க் ஓடுவது 550 கிலோமீற்றர் அளவில். சில நிமிடத்தில் தலைக்கு மேலால் கடந்துவிடுவதால் ஆயிரக்கணக்கில் வேண்டும். பிறகேன் அவ்வளவு பதிவாக? ஒளியின் வேகத்தில் போனாலும் 36,000 ஏறி இறங்கக் கால் வினாடி, மறுமொழி வர இன்னொரு கால். ரொறன்ரோவிலிருக்கிற மகளோடு வீடியோவில் கதைக்கிற தாய்க்கு அந்த அரை வினாடி நன்றாகத் தெரியும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தொடங்கி, ஒரே நேரத்தில் நிற்பாட்டுவார்கள்.

இராவணா-1 கட்டுரையை இப்போதைக்கு விடும். ஒரு கிலோ சொச்சம் நிறையுள்ள செய்மதி, ஜப்பானில் கியூஷூ தொழில்நுட்பக் கழகத்தில் எங்கள் பொறியியலாளர் இருவர் செய்தது, 2019 ஜூனில் விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது. இவ்வளவும் நாலு வரியில் அடங்க, மிச்சமெல்லாம் புஷ்பக விமானம். அனுமாரும் இராவணனும் ஒரே மாதத்தில் வேண்டாமே.

அதன் இடத்தில் என்ன எழுதலாம் என்று கேட்பீர். மழை பிடித்தால் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் டெங்குப் புகை அடிக்க வருவார்கள். நுகேகொடைப் பக்கம் 2020இல் புகைக்குப் பதிலாக நுளம்பையே விட்டார்கள். வொல்பாக்கியா என்ற பக்ரீரியா உள்ள நுளம்பு அது. அதன் உடம்பில் டெங்குக் கிருமி இலேசில் பெருகாது. வீட்டு வாசலில் நுளம்பைத் திறந்துவிடச் சனம் எப்படிச் சம்மதித்தது என்பதை அங்கே போய்க் கேட்டு எழுதும். முதலில் மற்ற இரண்டையும் திருத்தும். வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டில்தான் நிற்பேன், ஆறு மணிக்கு முதல் வந்தால் இருந்து பார்க்கலாம்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து உமது அண்ணன்