வேர்ல்ட்கானில் சின்ன அறைகளுக்குள் நுழைவது எப்படி

உலக அறிவியல் புனைகதை மாநாடான வேர்ல்ட்கானுக்கு முதல்முறை போகிறவர்கள் ஐந்து நாளையும் பெரிய அரங்குகளிலேயே கழித்துவிட்டுத் திரும்புவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. மேடையில் நான்கு எழுத்தாளர்கள் பேசுவதைக் கேட்க அவ்வளவு தூரம் விமானம் ஏற வேண்டுமா? எழுத்துப் பட்டறை, ஒரு எழுத்தாளரோடு ஏழெட்டுப் பேர் மட்டும் உட்காரும் மேசைப் பேச்சு, ராத்திரி நடக்கும் பாட்டு வட்டம், உடை தைக்கிறவர்களின் கூடம், இவைதான் நேரில் போனால் மட்டுமே கிடைப்பவை. சிலவற்றுக்கு முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். மற்றவற்றுக்கு, உள்ளே போனபின் எப்படி நடந்துகொள்வது என்று தெரிந்திருந்தால் போதும்.

முதலில் ஒரு விஷயம். நீங்கள் பணம் கட்டி வாங்குவது டிக்கெட் அல்ல, உறுப்பினர் தகுதி. 1939-இல் நியூயார்க்கில் தொடங்கிய நாளிலிருந்து இந்த மாநாட்டை ரசிகர்களேதான் சம்பளம் வாங்காமல் நடத்துகிறார்கள். அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதுக்கு ஓட்டுப் போடுவதும் உறுப்பினர்கள்தான். 2024-இல் கிளாஸ்கோ, 2025-இல் சியாட்டில், 2026-க்கு லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்து அனஹைம் என்று ஆண்டுதோறும் ஊர் மாறும், நடத்தும் குழுவும் மாறும். ஆகவே போன வருடம் போய்வந்தவர் சொன்ன விதியை நம்பாதீர்கள். இந்த வருட விதியை இந்த வருடமே படியுங்கள். விசாவுக்கு உறுப்பினரான மறுநாளே விண்ணப்பித்துவிடுங்கள்.

பட்டறைக்குக் கதை அனுப்பக் கடைசி நாள், மாநாட்டுக்குச் சில மாதங்கள் முன்பே கடந்துவிடும். மாநாட்டுக்கு வந்தபின் 'பட்டறை எங்கே' என்று கேட்கிறவர்களுக்கு வருத்தத்தோடு கைவிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. குழு எத்தனை வார்த்தை வரை அனுமதித்தாலும் நீங்கள் 4000-க்கு மேல் அனுப்பாதீர்கள். இரட்டை வரி இடைவெளி, பக்க எண், தலைப்பில் பெயர், இவ்வளவு போதும். நாவலின் முதல் அத்தியாயத்தைவிட முடிந்துபோன சிறுகதை நூறு மடங்கு பயன் தரும். அத்தியாயத்தில் எந்தக் குறை சொன்னாலும் 'அது பின்னால் வருகிறது' என்று தப்பித்துக்கொள்ளலாம். கதையில் அது நடக்காது.

பெரும்பாலானவர்கள் தடுமாறுவது பட்டறை அறைக்குள்தான். அங்கே நடப்பது அநேகமாக மில்ஃபோர்ட் முறையாகவே இருக்கும். 1956-இல் பென்சில்வேனியாவின் மில்ஃபோர்டில் டேமன் நைட், ஜூடித் மெரில், ஜேம்ஸ் பிளிஷ் மூவரும் கூட்டிய எழுத்தாளர் சந்திப்பிலிருந்து வந்த வழக்கம் இது. 1968-இல் ராபின் ஸ்காட் வில்சன் தொடங்கிய கிளாரியன் பட்டறையும் இதையே எடுத்துக்கொண்டது. எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் 1970-இல் அங்கே மாணவியாக உட்கார்ந்து கற்றவர். முறை எளிது. எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் பின் ஒருவராக, கொடுத்த நிமிடங்களுக்குள் கதையைப் பற்றிச் சொல்வார்கள். அத்தனை பேரும் முடிக்கும்வரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. கடைசியில்தான் அவருக்கு நேரம்.

கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? ஒரு உதாரணம் பாருங்கள். உங்கள் கதையில் செவ்வாய்க்குப் போகும் கப்பல். கணவனும் மனைவியும் ஒரே குழுவில். வெளியே பழுது பார்க்கும் கணவனின் பிராணவாயு குறைகிறது. மனைவி ரேடியோவில் 'ஏங்க, ஏங்க' என்று கத்துகிறாள், பெயரைச் சொல்லவில்லை. உங்களுக்கு அது உயிர் போகிற இடம். மேசையில் இருக்கும் முதல் ஆள், 'இவளுக்கு அவன் பெயர் மறந்துவிட்டதா?' என்கிறார். இரண்டாமவர், 'அவர்களுக்குள் ஏதோ சண்டை என்று நினைத்தேன்' என்கிறார். அந்த நிமிடம் உங்களுக்கு விளக்கம் தொண்டைவரை வந்து நிற்கும்: எங்கள் வீட்டுப் பெண்கள் பல தலைமுறையாகக் கணவன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், அதுதான் கதையே என்று. சொல்லாதீர்கள். நோட்டில் 'பக்கம் 7, பெயர்' என்று மட்டும் எழுதுங்கள். கதை பத்திரிகையில் வரும்போது வாசகர் பக்கத்தில் நின்று நீங்கள் விளக்கப் போவதில்லை. மூன்று பேர் ஒரே பக்கத்தில் இடறினால் அங்கே கல் கிடக்கிறது என்று அர்த்தம். அது எந்தக் கல் என்று அவர்கள் சொல்வது தவறாக இருக்கலாம், இடம் தவறாது.

அதற்காக வழக்கத்தை வெட்டி எறியவும் வேண்டாம், நடுவில் ஒரு பத்தி விளக்கம் செருகவும் வேண்டாம். கதையின் முன்பகுதியில், சாதாரண சாப்பாட்டு நேரத்தில், சக விண்வெளி வீரர் ஒருவர் 'உன் கணவர் பெயரை நீ சொல்லியே நான் கேட்டதில்லையே' என்று சொல்லட்டும். அவள் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றட்டும். அதன்பின் ஏழாம் பக்கத்தில் 'ஏங்க' வரும்போது அந்த மேசையில் யாரும் சந்தேகம் கேட்க மாட்டார்கள்.

மடிக்கணினியைத் திறக்காதீர்கள். நோட்டும் பேனாவும்தான். திரைக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டிருப்பவரிடம் யாரும் மனசு விட்டுப் பேசுவதில்லை.

உங்கள் முறை வந்து அடுத்தவர் கதையைப் பற்றிச் சொல்லும்போது நம்மவர்கள் செய்கிற தவறு வேறு. 'நன்றாக இருந்தது' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். மரியாதை என்று நினைக்கிறார்கள். எழுதியவருக்கு அதனால் ஒரு உபயோகமும் இல்லை. எந்தப் பக்கத்தில் கவனம் சிதறியது, எங்கே நம்பிக்கை போனது, எங்கே நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள், இந்த மூன்றையும் பக்க எண்ணோடு சொல்லுங்கள். 'இரண்டாம் பக்கத்தில் கையுறையைக் கழற்றிவிட்டாள். மூன்றாம் பக்கத்தில் அதே கையால் உறைந்த குழாயைப் பிடிக்கிறாள். எனக்கு அங்கே நம்பிக்கை போனது.' இதுதான் சொல்ல வேண்டிய விதம். இப்படி மாற்று, அப்படி முடி என்று நீங்கள் கதை எழுதித்தர வேண்டாம். முன்னால் பேசியவர் சொன்னதையே சொல்லப் போகிறீர்களா? 'அதை ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு வரி, அடுத்ததற்குப் போங்கள். எழுத்துப்பிழைகளைப் பிரதியிலேயே குறித்துக் கையில் கொடுத்துவிடுங்கள். எதிரே இருப்பவர் எத்தனை பெரிய எழுத்தாளரானாலும் 'சார்', 'மேடம்' வேண்டாம். பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், நீங்களும் அப்படியே கூப்பிடலாம்.

அறிவியல் புனைகதைப் பட்டறைக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. மேசையில் ஒரு பொறியாளராவது இருப்பார். பூமியிலிருந்து செவ்வாய்க்கு சிக்னல் போய்ச்சேர ஏறத்தாழ 3 முதல் 22 நிமிடம் ஆகும், உங்கள் கதையில் பூமியில் இருப்பவரும் செவ்வாயில் இருப்பவரும் தொலைபேசியில் பேசுவதுபோல் பேசிக்கொள்கிறார்களே என்று ஆரம்பிப்பார். அவர் சொல்வது சரி, குறித்துக்கொள்ளுங்கள். அதைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களும் பேசத் தொடங்கினால் உங்கள் நேரம் முழுக்க இயற்பியலிலேயே கரைந்துவிடும். அப்போது குறுக்கிட வேண்டியவர் பட்டறையை நடத்துபவர். அவர் பேசாமல் இருந்தால், அந்தக் கதையை எழுதியவர் அல்லாத யாராவது ஒருவர் 'பாத்திரங்களுக்குத் திரும்புவோமா' என்று கேட்டுவிடலாம், தவறே இல்லை.

மேசைப் பேச்சுக்கு வருவோம். பழையவர்கள் இதைக் காஃபிகிளாட்ச் என்பார்கள். இடம் குறைவு, பதிவு திறந்த வேகத்தில் நிரம்பிவிடும். பதிவு எப்போது திறக்கிறது என்று பார்த்து அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். புகழ் உச்சியில் இருப்பவரைத் துரத்தாமல், முதல் புத்தகம் போட்டவரின் மேசைக்கும் பதிப்பாசிரியரின் மேசைக்கும் பெயர் கொடுங்கள். கேள்வி இரண்டு தயாராக இருக்கட்டும். உங்கள் கையெழுத்துப் பிரதி பையிலேயே இருக்கட்டும், யாரும் கேட்காமல் நீட்டக் கூடாது. போக முடியவில்லையா, பெயரை எடுத்துவிடுங்கள். காத்திருப்புப் பட்டியலில் ஒருவர் அந்த நாற்காலிக்காக ஏங்கிக்கொண்டிருக்கிறார்.

ராத்திரியில் ஃபில்க் என்ற பாட்டு வட்டம் நடக்கும். அறிவியல் புனைகதை ரசிகர்கள் தாங்களே கட்டிய பாட்டு, கிதாரோடோ வெறும் குரலிலோ. வட்டம் முறைவைத்துச் சுற்றி வந்தால் உங்கள் முறையில் மூன்று வழி உண்டு: நீங்கள் பாடலாம், வேறொருவரைப் பாடச் சொல்லலாம், அடுத்தவருக்கு விட்டுவிடலாம். முறையே இல்லாத வட்டத்தில் ஒரு பாட்டு முடிந்து மூச்சு விடும் இடைவெளியில் ஆரம்பிக்க வேண்டும். குரல் நன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுதான் அங்கே பெரிய குற்றம். தமிழில் பாட்டுக் கட்டிக்கொண்டு போங்கள். பாடுவதற்கு முன் இரண்டு வரியில் கதையைச் சொல்லிவிட்டால் எல்லோரும் ஆர்வமாகக் கேட்பார்கள்.

உடை விஷயத்தில் எனக்கு ஒரே கண்டிப்பு: வேட உடைகளுக்கான மேடைப் போட்டியின் விதிகளைத் தைக்கத் தொடங்கும் முன்பே படியுங்கள். வேர்க்கடலை வெண்ணெய் கூடாது என்ற விதியைப் பார்த்துக் குழம்பாதீர்கள். 1972-இல் லாஸ் ஏஞ்சலிஸ் மாநாட்டில் ஓவியர் ஸ்காட் ஷா அதை உடம்பெல்லாம் பூசிக்கொண்டு வந்து, பக்கத்தில் நின்றவர்களின் உடைகளிலும் அது ஒட்டிக்கொண்டது. பல மாதம் தைத்த உடையில் கறை பட்டவரின் வேதனையை நினைத்துப் பார்த்தால் அந்த விதி புரியும். எண்ணெய், மை, உதிரும் ஜிகினா எல்லாமே அதே கணக்கு. ஊசி, நூல், சேஃப்டி பின், துணிப் பசை நான்கையும் ஒரு டப்பாவில் வைத்திருங்கள். தையல் விட்ட ஒருவருக்கு ஊசி கொடுத்துப் பழகியவர்கள் ஆண்டுக்கணக்கில் நண்பர்களாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவுக்கும் நடுவே உடம்பையும் கவனியுங்கள்: தினமும் ஐந்து மணி நேரத் தூக்கம், இரண்டு வேளைச் சாப்பாடு, ஒரு குளியல். இது மாநாட்டுக்காரர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் குறைந்தபட்சக் கணக்கு. தூக்கத்தை நான் ஏழாக்கிச் சொல்வேன்.

இவற்றில் எதற்கும் பதிவு கிடைக்காமல் போனாலும் ஒரு வழி இருக்கிறது. தொண்டர் மேசையில் பெயர் கொடுங்கள். நாற்காலி அடுக்கவும் கதவருகே நின்று அடையாள அட்டை பார்க்கவும் எப்போதும் ஆள் தேவை. தினமும் இரண்டு மணி நேரம் கொடுத்தால் போதும், எந்த அறையில் இடம் காலியாகிறது என்ற செய்தி உங்களுக்குத்தான் முதலில் வரும். மாநாடு திறக்கும் நாள் காலையிலேயே போங்கள், ஆள் பற்றாக்குறை அன்றுதான் அதிகம்.