நொதியை நிறுத்தும் மாத்திரை

'கெமிஸ்ட்ரி நமக்கு முதல் வருஷத்தோட முடிஞ்சுது' என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள்.

நொதித் தடுப்பான் என்றால் என்ன?

உடலில் நடக்கும் ரசாயன வினைகளை வேகப்படுத்தும் புரதமே நொதி, அதாவது என்சைம். ஒவ்வொரு நொதியிலும் ஒரு சிறு பள்ளம் உண்டு. வினைபுரியும் பொருள் அதில் வந்து உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும். வேறொரு சிறு மூலக்கூறு முந்திப்போய் அங்கே உட்கார்ந்துகொண்டால்? ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரே ஒரு வளைவில் லாரி குறுக்கே நின்றால் போதும். ஏறுகிற பஸ்ஸும் நிற்கும், இறங்குகிற காரும் நிற்கும். தடுப்பான் செய்வதும் இதுதான்.

ஒரு மூலக்கூறு உருவான கதை

நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் 9, 22 ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அதனால் பிறக்கும் பிசிஆர்-ஏபிஎல் என்ற நொதி, ஆஃப் ஆகாத சுவிட்ச் மாதிரி. ஏடிபியிடமிருந்து பாஸ்பேட்டை எடுத்து மற்ற புரதங்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். வெள்ளையணுக்கள் பெருகிக்கொண்டே போகும்.

சுவிட்சர்லாந்தின் சீபா-கைகி கம்பெனி வேதியியலாளர்கள், ஏடிபி உட்காரும் பள்ளத்துக்குப் பொருந்த ஒரு மூலக்கூறைச் செதுக்கினார்கள். முதல் வடிவம் வேறு நொதிகளையும் தடுத்தது. ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்ததும் அந்தத் தொல்லை குறைந்தது. தண்ணீரில் கரையவில்லை, பைபரசின் வளையம் ஒன்றைச் சேர்த்ததும் கரைந்தது, மாத்திரையாக விழுங்க முடிந்தது. நாம் ஒர்க்ஷாப்பில் ஜாபை அராவிப் பொருத்திப் பார்க்கிற வேலைதானே இது! இப்படிப் பிறந்த இமாடினிப், 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிலருக்கு நொதியின் பள்ளமே உருமாறி மருந்து பலிக்காமல் போவதும் உண்டு. அவர்களுக்காக அடுத்த தலைமுறை மருந்துகள் வந்தன.

சென்னையில் நடந்த வழக்கு

இந்த மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கம்பெனி காப்புரிமை கேட்டது. சென்னை காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது. தெரிந்த மருந்தின் புது வடிவத்துக்கு, அதன் பலன் கூடியிருந்தால் ஒழிய, காப்புரிமை கிடையாது என்கிறது நம் சட்டத்தின் 3(டி) பிரிவு. அந்தப் பிரிவையே எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-இல் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது. அப்போது கம்பெனி மருந்தின் விலை மாதம் சுமார் 1,20,000 ரூபாய்; இந்தியத் தயாரிப்போ சுமார் 8,000 முதல் 10,000 வரை. இலவசமாகவும் பலருக்குக் கொடுத்தோம் என்றது கம்பெனி. ஆனாலும், சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு இந்த நோய் வந்தால், இந்த விலை வித்தியாசம்தான் உயிர்.

அடுத்த முறை வீட்டில் மாத்திரை அட்டையைப் பார்த்தால் பெயரைப் படியுங்கள். கொழுப்புக்கு அடோர்வாஸ்டாட்டின், பிரஷருக்கு எனலாப்ரில் என்று இருக்கிறதா? அவையும் நொதித் தடுப்பான்களே!