தாய் சேய் நலம்

நாட்டின் செல்வங்களுள் தலையாயது மக்கட்செல்வம். அச்செல்வம் குறைவின்றிப் பெருக வேண்டுமாயின், கருவுற்ற தாயும் பிறந்த குழந்தையும் நன்கு காக்கப்பெறுதல் வேண்டும். நோய் வந்தபின் மருந்து தேடுவதினும் வருமுன் காத்தலே இவ்விருவர்க்கும் சாலச் சிறந்தது.

முற்காலத்தில் சிற்றூர்களில் பிள்ளைப்பேறு பெரும்பாலும் வீட்டிலேயே நடைபெற்றது. கைத்திறம் வாய்ந்த மருத்துவச்சிகள் பலர் இருந்தனர். எனினும், தூய்மையற்ற கருவியால் தொப்புட்கொடியை அறுத்தமையால் டெட்டனஸ் என்னும் இசிவுநோய் கண்டு மாண்ட குழந்தைகள் பல. பேற்றிற்குப் பின் குருதி பெருக்கெடுக்குமாயின், இரண்டொரு மணி நேரத்திற்குள் தாயின் உயிர் பிரிந்துவிடக்கூடும். சென்னை எழும்பூரில் 1844-ஆம் ஆண்டிலேயே மகப்பேற்று மருத்துவமனை தோன்றியதாயினும், தொலைவிலுள்ள ஊரில் வாழும் பெண் உரிய வேளையில் அதனை அடைவது எங்ஙனம்?

இவ்வினாவிற்கு விடையாக அமைந்ததே ஆரம்ப சுகாதார நிலையம். போர் என்பவரின் தலைமையில் அமைந்த குழு, 1946-இல் தந்த அறிக்கையில், மருத்துவ உதவி மக்களின் இருப்பிடத்திற்கு அருகிலேயே கிடைத்தல் வேண்டும் என்று வற்புறுத்தியது. அதன் வழியே 1952 முதல் இந்நிலையங்கள் எழலாயின. இவற்றின்கீழ்த் துணை சுகாதார நிலையங்கள் அமைந்தன. சமவெளியில் ஐயாயிரம் மக்களுக்கு ஒன்றும், மலைப்பகுதியில் மூவாயிரம் மக்களுக்கு ஒன்றும் என்பது கணக்கு.

துணை நிலையத்தின் உயிர்நாடி கிராம சுகாதார செவிலியர் ஆவார். அவர் வீடுதோறும் சென்று கருவுற்ற பெண்களின் பெயரைப் பதிவு செய்கிறார். எடையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார். இசிவுநோய்த் தடுப்பூசி போடுகிறார். குருதிச்சோகையுற்ற பெண் சிறிதளவு குருதி இழப்பையும் தாங்கமாட்டாள். ஆதலின், நான்காம் திங்கள் முதல் 180 நாள்கள் உட்கொள்ளுமாறு இரும்புச்சத்து மாத்திரைகள் வழங்கப்படுகின்றன. வறுமையால் ஊட்டவுணவு குறைதலாகாது என்று 1987-இல் தமிழ்நாட்டில் மகப்பேறு நிதியுதவித் திட்டம் தொடங்கப்பெற்றது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர் தாங்கிய அத்திட்டத்தின் உதவி, ஊட்டச்சத்துப் பொருள்கள் உட்பட, 2018-இல் 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் புகட்டவேண்டும். முதலில் சுரக்கும் சீம்பாலைத் தீயதெனக் கருதிப் பீய்ச்சிக் கொட்டுவது அறியாமை. நோயைத் தடுக்கும் ஆற்றல் அதில் மிகுதியாக உண்டு. ஆறு திங்கள்வரை தாய்ப்பாலே போதிய உணவாகும். பிறந்தவுடனும், 6, 10, 14-ஆம் வாரங்களிலும், ஒன்பது திங்கள் நிறைந்ததும் தடுப்பு மருந்துகள் அளிக்கப்படுகின்றன. இளம்பிள்ளைவாதத்தை வென்ற நாடென 2014-இல் இந்தியா சான்று பெற்றது. தாய் சேய்களைத் தாக்கும் இசிவுநோயும் 2015-இல் அடக்கப்பட்டது.

2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 13 குழந்தைகள் ஓராண்டு நிரம்பும் முன் இறந்தன. இந்தியா முழுமைக்கும் அது 28. பதின்மூன்று சிற்றெண்ணே எனினும், அத்தனை இல்லங்களில் தொட்டில் வெறுமையாயிற்று என்பதை மறத்தலாகாது.

இப்பணியில் செவிலியரின் பதிவேடு மருந்தினும் குறைந்ததன்று. செங்கற்சூளைக்கும் கட்டட வேலைக்கும் ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பத்தின் பெயர் அதில் விடுபட்டுப் போதல் எளிது. பெயர் விடுபட்டால் ஊசி விடுபடும். ஊசி விடுபட்டால் நோய் நுழையும். குறித்த நாளில் வாராத குழந்தையைத் தேடிச் செல்லும் செவிலியரே அவ்வாயிலை அடைப்பவர். ஊருக்குப் புதிதாய் வந்த கருவுற்ற பெண்ணையும் கைக்குழந்தையையும் பற்றி அவருக்கு அறிவித்தல் சிறுவரும் செய்யக்கூடிய தொண்டாகும். ஒரு பெயரைப் பதிவேட்டில் சேர்ப்பது ஓருயிரைக் காப்பதாகவும் அமையலாம்.