முதல் ஆலோசனைக்கு அனுப்பும் முன்

பிள்ளையை உளவியலாளரிடம் அழைத்துப் போகச் சொன்னால், ஆரணி நெசவாளர் வீடுகளில் "பைத்தியம்னு சொல்றீங்களா டீச்சர்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். தறி நின்றால் கூலி போகுமே என்பது அடுத்த கவலை. நடக்கப்போவதை நான் அப்படியே சொல்லிவிடுவேன்: முதல் நாள் பெரும்பாலும் பேச்சுதான், ஏறக்குறைய ஒரு மணி நேரம். தூக்கம், சாப்பாடு, படிப்பு, வீட்டு நிலை எல்லாம் கேட்பார்கள். பிள்ளையிடம் தனியாகவும் பேசுவார்கள். உளவியலாளர் மருந்து எழுதமாட்டார். அது மனநல மருத்துவர் பணி. அன்றே முடிவு தெரியாமலும் போகலாம்.

நாம் கொடுத்தனுப்ப வேண்டியது ஒரு தாள். அதில் 'மந்தம்' என்ற பட்டம் வேண்டாம். 'மூன்று வாரமாக மதிய உணவைத் தொடுவதில்லை' எனக் கண்டதை மட்டும் எழுதுவோம். உள்ளே பேசியதை மறுநாள் வகுப்பில் விசாரிக்கக் கூடாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. உடனே போக இயலாதவர்களுக்கு டெலி மானஸ் 14416 இருக்கிறது: இலவசம், எந்நேரமும், தமிழிலேயே பேசலாம்.